உட்கார்ந்திருந்தாலும் ஆட்டத்தில்தான்: சிறுவர்களுக்குக் கோ-கோ நடத்தும் முறை

கோ-கோ என்பது ஓர் அணி விரட்ட, மற்றோர் அணி பிடிபடாமல் ஓடும் ஆட்டம். பந்து, மட்டை, வலை எதுவும் வேண்டாம். இரண்டு கம்பம், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், ஒரு விசில் இருந்தால் மைதானம் தயார். கபடியைப் போலவே செலவில்லாத ஆட்டம் என்பதால் பள்ளி விளையாட்டு விழாக்களில் இதற்கு எப்போதும் இடம் உண்டு.

ஆனால் பெரியவர்களுக்கு எழுதிய விதிகளை அப்படியே எடுத்து ஏழு வயதுப் பிள்ளைகளை ஆட வைத்தால், ஐந்து நிமிடத்தில் ஆட்டம் கலைந்துவிடும். காரணம், கோ-கோவின் அமைப்பிலேயே இருக்கிறது. விரட்டும் அணியில் ஒன்பது பேர் களத்தில் இருந்தாலும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓடுகிறார். எட்டுப் பேர் குந்தியிருக்கிறார்கள். வரிசையின் கடைசியில் இருக்கும் பிள்ளைக்கு எழுந்து விரட்டச் சொல்லும் 'கோ' என்ற அழைப்பு வெகு நேரம் வரவில்லை என்றால் அது மண்ணைக் கிளறத் தொடங்கும், அல்லது எழுந்து போய்விடும். சிறுவர் ஆட்டத்தை நடத்துபவரின் முதல் வேலை, உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருப்பதுதான். களத்தின் அளவு, ஆள் கணக்கு, நேரம், விதி எல்லாமே அதற்கு ஏற்ப அமைய வேண்டும்.

மண்ணிலிருந்து உலகக் கோப்பைக்கு

கோ-கோ மகாராஷ்டிரத்தில் வேர்கொண்ட ஆட்டம். 1914இல் புனேயின் டெக்கான் ஜிம்கானா அதற்கு முறையான விதிகளை வகுத்தது. முதல் தேசியப் போட்டி 1959-60இல் விஜயவாடாவில் நடந்தது. 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் கோ-கோவும் சேர்க்கப்பட்டது. 2022இல் 'அல்டிமேட் கோ கோ' என்ற தொழில்முறைத் தொடர் தொடங்கியது. மண்ணில் ஆடிய ஆட்டம் செயற்கை விரிப்புக்கும் மின்விளக்குக்கும் மாறியது. அந்தத் தொழில்முறைத் தொடரின் இரண்டாவது பருவத்தில் சென்னை குவிக் கன்ஸ் அணி இறுதி வரை முன்னேறி, குஜராத் ஜயன்ட்ஸிடம் தோற்றது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையில் ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் இந்தியாவே வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரணி நேபாளம்.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

முறையான களம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். இரு முனைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு கம்பம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 24 மீட்டர். இரண்டையும் இணைத்து ஒரு நடுப்பாதை. அதைக் குறுக்காக வெட்டும் எட்டுப் பாதைகள். வெட்டும் இடங்களில் உண்டாகும் எட்டுச் சிறு கட்டங்களில் விரட்டும் அணியின் எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். ஒருவர் இந்தப் பக்கம் பார்த்திருந்தால் அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்திருப்பார். ஒன்பதாவது ஆள் கம்பத்தருகே நின்று விரட்டத் தொடங்குவார்.

ஓடும் அணி மூன்று மூன்று பேராகக் களத்தில் இறங்கும். ஓடுபவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் இடைவெளிகளில் புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். விரட்டுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் நடுப்பாதையைத் தாண்டக் கூடாது. ஒரு திசையில் கால் வைத்துவிட்டால் கம்பம் வரை அதே திசையில்தான் போக வேண்டும். கம்பத்தைச் சுற்றித்தான் மறுபக்கம் வர முடியும்.

ஓடுபவர் இடைவெளியில் புகுந்து மறுபக்கம் தப்பிவிட்டால் விரட்டுபவர் என்ன செய்வார்? மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் தன் அணியாளின் முதுகைத் தொட்டு 'கோ' என்று சத்தமாகச் சொல்வார். அவர் எழுந்து விரட்ட, தொட்டவர் அந்தக் கட்டத்தில் அமர்ந்துகொள்வார். முதுகுப் பக்கமிருந்துதான் 'கோ' கொடுக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இங்கே விளங்கும்: முதுகு இந்தப் பக்கம் என்றால் முகம் அந்தப் பக்கம், எழுபவர் நேரே ஓடுபவர் இருக்கும் பக்கத்தில் இறங்குகிறார். தனி ஒருவரின் வேகத்தைவிட, யாருக்கு எப்போது 'கோ' கொடுப்பது என்ற முடிவுதான் ஆட்டத்தை வெல்லும்.

ஓடுபவர் தொடப்பட்டால் அவுட். எல்லைக் கோட்டுக்கு வெளியே போனாலும் அவுட். மூவரும் அவுட்டானால் அடுத்த மூவர் உள்ளே வருவார்கள். நேரம் முடிந்ததும் விரட்டியவர்கள் ஓட, ஓடியவர்கள் விரட்டுவார்கள். இரு அணியும் இவ்வாறு இரண்டு முறை மாறி மாறி ஆடுவது ஒரு முழு ஆட்டம்.

எந்த வயதுக்கு எது?

ஐந்து, ஆறு வயதில் கட்டம், திசை, நடுப்பாதை என்ற மூன்றையும் ஒன்றாக நினைவில் வைக்கப் பிள்ளைகளால் முடியாது. அவர்களுக்கு வட்டக் கோ-கோ போதும். பிள்ளைகள் வட்டமாக உள்நோக்கி நிற்க, வெளியே ஒருவர் ஓட, ஒருவர் விரட்டுவார். களைத்தவர் யார் முதுகையாவது தொட்டு 'கோ' சொல்லி அந்த இடத்தில் நின்றுகொள்வார். 'கோ' வந்தால் உடனே கிளம்ப வேண்டும், கொடுத்தவர் உடனே நிற்க வேண்டும் என்ற இரண்டு பழக்கங்கள் இதில் வந்துவிடும்.

ஏழு, எட்டு வயதில் நேர்வரிசையில் உட்கார வைத்துச் சிறு களத்தில் ஆட வைக்கலாம். ஒன்பது, பத்து வயதில் திசை மாறக் கூடாது என்ற விதியையும் சேர்த்தால் முழு ஆட்டத்துக்கு வெகு அருகில் வந்துவிடுவார்கள். கம்பத்தைப் பிடித்துப் பாய்ந்து தொடுவது, குப்புற விழுந்து தொடுவது போன்ற வித்தைகள் சிறுவர் ஆட்டத்தில் வேண்டாம். டிவியில் பார்த்துவிட்டு யாராவது முயன்றால் விசில் ஊதி நிறுத்துவதே சரி.

களம் அமைத்தல்

சிறுவர் களத்துக்கு 14 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் தாராளம். இரு கம்பங்களுக்கும் இடையே 12 மீட்டர். அதற்குள் ஐந்து கட்டங்கள், இரண்டு மீட்டருக்கு ஒன்று. கம்பத்துக்குப் பின்னால் ஒரு மீட்டர் இடம் விட வேண்டும். களத்துக்கு வெளியிலும் சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சுவர், மரம், நிறுத்திய சைக்கிள், தண்ணீர்த் தொட்டி எதுவும் இருக்கக் கூடாது. ஓடும் பிள்ளை கோட்டருகே வந்து சட்டென்று நிற்காது.

உட்காரும் கட்டத்தைப் பெரியவர்களுக்கு 30 சென்டிமீட்டர் அளவில் போடுவார்கள். சிறுவர்களுக்கு அரை மீட்டருக்குக் கோலப்பொடியில் பளிச்சென்று போட்டால், 'கோ' கொடுத்தவர் தன் இடத்தைத் தேடி அலைய மாட்டார். கம்பத்துக்குப் பதிலாக ஒரு மீட்டர் வட்டம் வரைந்துவிடலாம். கம்பம்தான் வேண்டும் என்றால் வழவழப்பாக, முனை கூரில்லாமல், ஆழமாக நட்டதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் அதைப் பிடித்துச் சுழன்று திரும்புவார்கள். ஆடும் கம்பம் யார் தலைமீதாவது விழும்.

ஆட்டத்துக்கு முன் பெரியவர் ஒருவர் களம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். நெருஞ்சி முள், கண்ணாடிச் சில்லு, புதைந்த கல், குழி ஆகிய நான்கும் கண்ணில் பட வேண்டும். புழுதி பறக்கும் மண் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். மழை பெய்த மறுநாள் வழுக்கும் தரையிலும், சிமென்ட் தளத்திலும் ஆட்டம் வேண்டாம். வெறுங்கால் என்றால் எல்லாரும் வெறுங்கால், ஷூ என்றால் எல்லாரும் ஷூ. குந்தியிருக்கும் பிள்ளையின் விரல்மேல் ஷூக் கால் ஏறிவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு. அதே காரணத்துக்காக, உட்காரும்போது கைகளைத் தரையில் ஊன்றாமல் முழங்காலின்மேல் வைக்கப் பழக்க வேண்டும்.

அணி பிரித்தல்

கேப்டன்கள் இருவரை நிறுத்தி, ஆள் மாற்றி ஆள் கூப்பிடச் சொல்வது வழக்கம். கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளைக்கு அது ஊரறிந்த அவமானம். நம் பிள்ளைகள் தெருவில் செய்யும் 'உத்தி பிரித்தல்' இதைவிட நல்ல முறை. ஏறக்குறைய ஒரே வேகமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் சூரியன், ஒருவர் சந்திரன் என்று வைத்துக்கொள்ளலாம். சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்க, கேப்டன் ஒன்றைச் சொல்வார். பெயருக்குரியவர் அந்த அணி, மற்றவர் எதிரணி. சமமானவர்கள் ஜோடியாவதால் அணிகளும் சமமாகின்றன. யாரும் கழித்து விடப்படுவதில்லை. நேரம் இல்லையென்றால் 'சா பூ த்ரீ' போட்டுப் பிரிக்கலாம்.

அணிக்கு ஆறு பேர் போதும். ஐந்து பேர் உட்கார, ஒருவர் விரட்டுவார். எதிரணியில் இருவர் இருவராகக் களத்தில் இறங்குவார்கள். 24 பிள்ளைகள் இருந்தால் பன்னிரண்டு பேர் அணியாக ஒரே ஆட்டம் நடத்துவதைவிட, இரண்டு சிறு களம் போட்டு நான்கு அணிகளை ஆட வைப்பதே நல்லது. மிஞ்சும் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடக் கூடாது. எல்லைக் கோட்டைக் கவனிப்பது, அவுட் எண்ணுவது, கடிகாரம் பார்ப்பது என்று வேலை கொடுத்து, அடுத்த சுற்றில் களத்துக்குள் மாற்ற வேண்டும். சின்னப் பிள்ளை என்பதற்காக ஒருவரை 'ஒப்புக்குச் சப்பாணி'யாக, கணக்கில் வராத ஆளாகச் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அவருக்குக் கம்பத்தருகே உள்ள கட்டத்தைக் கொடுத்து, அவர் தொட்டால் இரண்டு புள்ளி என்று வைத்தால் அணியே அவருக்குக் 'கோ' கொடுக்கத் துடிக்கும்.

படிப்படியாகப் பழக்குதல்

விதிகளை நிற்க வைத்து விளக்கினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். செய்ய வைத்தே சொல்லித்தர வேண்டும்.

முதலில் குந்தி எழும் பயிற்சி. எல்லாரும் குந்தியிருக்க, விசில் ஊதியதும் எழுந்து ஐந்து அடி ஓடித் திரும்ப வேண்டும். இதுவே உடம்பைச் சூடாக்கும் பயிற்சியும் ஆகும்.

அடுத்து, ஓடுபவர் யாரும் இல்லாமல் 'கோ' மட்டும் கொடுத்துப் பழகுவது. ஐந்து பேரும் கட்டங்களில் உட்கார, முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு, இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்கு என்று கடைசி வரை 'கோ' போக வேண்டும். சிறுவர்கள் செய்யும் தவறுகள் இங்கேயே தெரிந்துவிடும்: தொடாமல் 'கோ' சொல்வது, சொல்லாமல் தொடுவது, கொடுத்துவிட்டு உட்கார மறந்து கூடவே ஓடுவது, 'கோ' வருமுன்பே எழுந்துவிடுவது.

மூன்றாவது, திசை. இடது வலது என்று சொன்னால் ஏழு வயதில் குழம்பும். மைதானத்தில் இருப்பதையே அடையாளமாகச் சொல்ல வேண்டும்: இவர்கள் வேப்பமரம் பார்ப்பவர்கள், அவர்கள் வகுப்பறை பார்ப்பவர்கள். மரம் பார்ப்பவர் எழுந்தால் மரப் பக்கமே இறங்க வேண்டும். இரண்டு முறை செய்தால் பிடித்துக்கொள்வார்கள்.

நான்காவது, ஒரே ஒரு ஆளை ஓட விட்டு விரட்டுவது. அதன் பிறகே முழு ஆட்டம்.

ஒரு சுற்று, கண்ணெதிரே

விசில் ஊதுகிறது. கம்பத்தருகே நிற்கும் பிள்ளை மரப் பக்கமாக விரட்டத் தொடங்குகிறது. ஓடுபவர்களில் ஒருத்தி இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே புகுந்து வகுப்பறைப் பக்கம் போய்விடுகிறாள். விரட்டும் பிள்ளைக்கு அவள் பின்னாலேயே போகத்தான் கால் துடிக்கும், போனால் தவறு. மூன்றாம் கட்டத்தில் வகுப்பறையைப் பார்த்துக் குந்தியிருக்கும் பையனின் முதுகு இந்தப் பக்கம் இருக்கிறது. அதைத் தொட்டு 'கோ' சொன்னால் அவன் எழும்போதே அவள் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். முதல் நாள் பெரும்பாலான பிள்ளைகள் நடுப்பாதையைத் தாண்டிப் பின்னாலேயே ஓடுவார்கள். அப்போது நடத்துபவர் அவர்களைத் திட்ட வேண்டியதில்லை, ஆட்டத்தை நிறுத்தி அந்த மூன்றாம் கட்டத்துப் பையனைச் சுட்டிக் காட்டினால் போதும். தனக்கு உதவ ஒரு ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று விரட்டுபவருக்குப் புரியும் நொடியில்தான் கோ-கோ தொடங்குகிறது.

நேரமும் விதியும்

பெரியவர் ஆட்டத்தில் விரட்டும் நேரம் 9 நிமிடம். சிறுவர்களுக்கு 3 நிமிடம் போதும். நான்கு முறை மாறி மாறி ஆடினாலும் 12 நிமிடம்தான். நடுவே தண்ணீர் குடிக்க நேரம் விட்டால் 20 நிமிடத்தில் முடியும். ஒரு பாடவேளைக்குள் உடம்பைச் சூடாக்குவது, ஆடுவது, மூச்சு வாங்கி அமர்வது எல்லாம் அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் ஐந்து முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. அதில் ஒரு பங்கை இந்த ஒரு பாடவேளையே கொடுத்துவிடும்.

முதல் வாரம் நான்கே விதி: முதுகைத் தொட்டு 'கோ' சொல்ல வேண்டும், 'கோ' வராமல் எழக் கூடாது, நடுப்பாதையைத் தாண்டக் கூடாது, கோட்டுக்கு வெளியே போனால் அவுட். கம்பம் வரை திசை மாறக் கூடாது என்பதை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வாரம் சேர்க்கலாம்.

இவற்றோடு சிறுவர்களுக்கென்றே இரண்டு சேர்க்கைகள் பயன் தரும். ஒன்று, ஒரு சுற்றில் அணியின் ஆறு பேருக்கும் ஒரு முறையாவது விரட்ட வாய்ப்புக் கிடைத்திருந்தால் அந்த அணிக்கு ஒரு புள்ளி கூடுதல். நன்றாக ஓடும் இருவரே தங்களுக்குள் 'கோ' கொடுத்துக்கொள்ளும் வழக்கம் இதனால் நிற்கும். மற்றொன்று, ஒவ்வொரு சுற்றிலும் உட்காரும் இடம் ஒரு கட்டம் நகர வேண்டும். ஓரத்தில் இருந்தவர் நடுவுக்கு வருவார்.

அவுட்டான பிள்ளை அழுதுகொண்டே வெளியே நிற்கக் கூடாது. அவுட்டானவர் காத்திருப்புக் கோட்டில் நின்று தன் அணியின் கணக்கைச் சொல்ல வேண்டும். ஆறு பேரும் அவுட்டாகி நேரம் மீதி இருந்தால் முதல் ஜோடி மறுபடி இறங்கும். பெரியவர் ஆட்டத்திலும் அதுவே விதி.

அழுகுணி ஆட்டமும் நடுவரும்

முறையான போட்டிக்கு இரண்டு அம்பயர், ஒரு ரெஃபரி, நேரம் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் வேண்டும். சிறுவர் ஆட்டத்துக்குக் களத்தின் பக்கவாட்டில் நடுவில் நிற்கும் ஒரு பெரியவரும், கோட்டில் நிற்கும் இரண்டு பிள்ளைகளும் போதும். தொட்டாரா, இல்லையா என்ற சண்டைதான் அதிகம் வரும். தொடப்பட்டவரையே முதலில் கேட்பது நல்ல வழி. உண்மை சொல்லித் தானே வெளியேறும் பிள்ளையை அணியின் முன்னால் பாராட்டினால் அழுகுணி ஆட்டம் குறையும். சந்தேகம் என்றால் ஓடுபவர் பக்கமே தீர்ப்பு என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

விரட்டுபவர் விதியை மீறினால் போட்டிகளில் அம்பயர் விசில் ஊதி அவரை எதிர்த் திசையில் போகச் சொல்வார்; அதற்குள் ஓடுபவர் தப்பிவிடுவார். தண்டனையும் திருத்தமும் அதுவே. சிறுவர்களுக்கும் இதே முறை பொருந்தும். புள்ளியைக் குறைப்பதோ, களத்தைச் சுற்றி ஓடச் சொல்வதோ தேவையில்லை.

வெயில், தண்ணீர், காயம்

காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் நல்ல நேரம். கத்திரி வெயில் காலத்தில் மாலையிலும் நிழல் விழுந்த பிறகே தொடங்க வேண்டும். தாகம் எடுத்தால் கேட்பார்கள் என்று விடாமல், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எல்லாரையும் தண்ணீர் குடிக்கச் சொல்ல வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்று சொல்லும் பிள்ளையை உடனே நிழலில் அமர்த்த வேண்டும்.

வளையல், சங்கிலி, கூரான ஹேர்கிளிப், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டுவிட வேண்டும். தொடுவது உள்ளங்கையால், தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே. சட்டையைப் பிடித்து இழுப்பதும் தள்ளுவதும் அவுட் ஆகாது. சிராய்ப்பைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவிய பிறகே மருந்து. தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் அந்தப் பிள்ளைக்கு முடிந்தது. வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். கால் முடியாத பிள்ளையும் விலகி நிற்க வேண்டியதில்லை. குந்த முடியாதவருக்கு ஸ்டூல் போடலாம். 'கோ' வாங்கியதும் அவர் இருந்த இடத்திலிருந்தே அடுத்தவருக்குக் குரலால் 'கோ' கடத்தலாம் என்று விதியை மாற்றிக்கொள்ளலாம். காது கேளாத பிள்ளைக்கு முதுகில் படும் கையே போதும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. மைதானம் சிறியது என்பது கோ-கோவுக்குத் தடை இல்லை. 14 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் பெரும்பாலான பள்ளி வளாகங்களில் கிடைக்கும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்காமல் இருந்தால், வாரம் இரண்டு நாள் இந்த ஆட்டத்தை எந்தப் பள்ளியும் நடத்தலாம்.